எஸ்டேட் வீட்டுப் பிள்ளையும் கல்லூரிக் கடனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் நான். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தார். 2008-ல் கல்விக்கடன் வாங்கி மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசகசாலையில் உட்கார்ந்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விண்ணப்பம் நிரப்ப உதவுகிறேன். பீர்மேடு, தேவிகுளம் தாலுக்காக்களிலிருந்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர் பக்கமுள்ள நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

வீட்டில் இரண்டு பேருக்கும் மாதாமாதம் சம்பளம் வருகிறது. அப்புறம் ஏன் எங்களை வசதி இல்லாத குடும்பம் என்கிறீர்கள்?

வருமானம் வேறு, சொத்து வேறு. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பம், நம் லயத்தில் ஒரு குடும்பம். இரண்டுக்கும் மாத வரவு ஒன்று என்று வையுங்கள். வருமானச் சான்றிதழில் ஒரே தொகைதான் எழுதப்படும். ஆனால் கம்பத்துக் குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கிறது, பட்டா இருக்கிறது, முக்கால் ஏக்கர் தோட்டம் இருக்கிறது. நாம் இருக்கும் வீடு கம்பெனியுடையது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வேலை செய்யும் காலத்துக்குக் கொடுத்த வீடு அது. வேலையிலிருந்து நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாத்தா வந்து, அப்பா உழைத்து, அம்மா உழைத்து, மூன்று தலைமுறை அந்த மண்ணில் போன பிறகும் ஒரு சென்ட் நிலம் நம் பெயரில் இல்லாத வீடுகளே அதிகம்.

ஓய்வு பெறும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியைத்தான் நம் ஆட்கள் சொத்து என்று நினைக்கிறார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 15 நாள் கூலி. 30 வருடம் உழைத்தவருக்கு 450 நாள் கூலி. தினக்கூலி 450 ரூபாய் என்று வைத்தால் 2,02,500 ரூபாய். ஒரு ஆயுள் உழைப்புக்குக் கிடைப்பது, ஒரு பிள்ளையின் நாலு வருடப் படிப்புக்கான வங்கிக் கடனைக்கூட முழுதாக அடைக்காது. அந்தப் பணத்தில்தான் லயத்தைவிட்டு வெளியே போய் ஒரு வீடும் பார்க்க வேண்டும்.

நல்ல மார்க் எடுக்கிற பிள்ளைக்குச் சொத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சேரும் நாளில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டாம் வருடத்தில் தெரியும். என் கதையையே சொல்கிறேன்.

என் அறைத்தோழன் கம்பத்துக்காரன், திராட்சைத் தோட்டத்து வீடு. மார்க்கில் எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே நிலை. இரண்டாம் வருடம் இரண்டு வீட்டிலும் அடி விழுந்தது. பழுத்த சமயத்தில் மழை பெய்து அவர்கள் திராட்சை வெடித்துப் போனது. எங்கள் அப்பா ஃபேக்டரிப் படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார், நாலு மாதம் வேலை இல்லை. அவன் அப்பா நகையை அடகு வைத்துவிட்டு அடுத்த அறுவடைக்குத் திருப்பினார். அவன் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. எங்கள் வீட்டில் அடகு வைக்க இருந்தது அம்மாவின் கம்மல் ஒரு ஜோடி. அது மருத்துவமனைக்கே போய்விட்டது. நான் ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்குப் பயந்து ஆறு வாரம் ஊரில் இருந்தேன். வருகைப்பதிவு குறைந்தது, தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி போனது. நாலு பேப்பர் அரியர். கேம்பஸ் இன்டர்வியூ வந்த கம்பெனிகள் பல, அரியர் இருப்பவர்களை உட்காரவே விடவில்லை. அவன் முதல் நாளே வேலையோடு வந்தான். எனக்குப் பதினாறு மாதம் ஆனது.

அவன் நல்லவன், உழைப்பாளி. அவன் வேலையை நான் குறை சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் அடி ஒன்றுதான். அவன் வீட்டில் அதைத் தாங்க ஏதோ இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. இது மார்க் ஷீட்டிலும் தெரியாது, வருமானச் சான்றிதழிலும் தெரியாது.

அமெரிக்காவில் இதைத் தரவுகளோடு ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபேபியன் ஃபெஃபர் என்ற சமூகவியல் ஆய்வாளர் 1970-களில் பிறந்த பிள்ளைகளையும் 1980-களில் பிறந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2018-ல் எழுதினார். குடும்பச் சொத்தைப் பொறுத்துப் பட்டம் முடிப்பதில் உள்ள இடைவெளி அங்கே கூடியிருக்கிறது. பெயர்பெற்ற 38 கல்லூரிகளில், வருமானத்தில் மேல் 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழ் 60 சதவீதக் குடும்பங்களின் மொத்தப் பிள்ளைகளைவிட அதிகமாகப் படித்தார்கள் என்று ராஜ் செட்டி குழுவினர் 2017-ல் காட்டினார்கள்.

பட்டம் வாங்கிவிட்டால் எல்லாரும் சமம்தானே? கடனை அடைத்துவிட்டால் போதாதா?

அங்கேயும் அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவில் பட்டம் வாங்கும் நாளில் கறுப்பின மாணவர்களின் கடன் வெள்ளை மாணவர்களின் கடனைவிடச் சராசரியாக 7,400 டாலர் அதிகம். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 25,000 டாலர். 2016-ல் வெளிவந்த கணக்கு இது. ஒரு காரணம் மேற்படிப்புக்கு மறுபடியும் வாங்கும் கடன். இன்னொன்று, கட்ட முடியாமல் வட்டி அசலோடு ஏறுவது.

நம் ஊரிலும் அப்படித்தான் ஏறுகிறது. முதல் சம்பளம் வந்ததும் பின்னால் ஆதரவு உள்ள பிள்ளை சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து நல்ல வேலைக்குத் தயார் செய்யும். நம் பிள்ளை கிடைத்த 15,000 ரூபாய் வேலையைப் பிடித்துக்கொள்ளும். தவணை கட்ட வேண்டும், வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். தங்கச்சி படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான். ஐந்து வருடம் கழித்து இரண்டு பேர் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நிலமே இல்லாத எங்களுக்கு வங்கி கடன் தருமா?

தர வேண்டும். நாலு லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அளவுக்குக் கையிலிருந்து பங்கும் போட வேண்டாம். பெற்றோரில் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். நாலு லட்சத்துக்கு மேல் போனால் இந்தியாவில் படிப்பதற்கு 5 சதவீதம் நம் பங்கு. ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுக்க 2015 முதல் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை அவகாசம்.

விதி இப்படி. நடப்பு எப்படி என்றால், 2008-ல் நானும் அம்மாவும் ஒரு வங்கிக்குப் போனோம். பெயர் வேண்டாம். மேனேஜர் முதலில் கேட்டதே "கரம் அடைத்த ரசீது எங்கே?" என்றுதான். நிலவரி கட்டிய ரசீது. அம்மா ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவரைத் திறந்து மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, செக்ரோல் (எஸ்டேட் ஆள் பதிவேடு) நம்பர் போட்ட சம்பளச் சீட்டுகள் மூன்று வருடத்துக்கு, மாத வாரியாக அடுக்கியவை. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரலால் ஒவ்வொரு சீட்டையும் நேராக்கி வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேனேஜர் அதில் ஒன்றைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாவது வங்கியில்தான் கடன் கிடைத்தது.

அதனால் இப்போது வருகிறவர்களிடம் நான் சொல்வது இது. வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கொடுங்கள். 2015-ல் வந்த வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் தேதியோடு பதிவு இருக்கும். கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா சென்டரில் செய்து கொடுப்பார்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே பாருங்கள். சேர்ந்து கையெழுத்துப் போடுகிற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பழைய டிவிக் கடன், குழுக் கடன் ஏதாவது கட்டாமல் நின்றிருந்தால், வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவான சிபில் கணக்கில் அது தெரியும். பிளஸ் ஒன் படிக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

வட்டி எவ்வளவு ஆகும்? தெளிவாகச் சொல்லுங்கள்.

கணக்குக்காக வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். நாலு வருடப் படிப்பு, வருடத்துக்கு ஒரு லட்சம். படிக்கும் காலத்திலும் அடுத்த ஒரு வருடத்திலும் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நாலாவதற்கு 20,000. மொத்தம் 1,40,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000.

இதைப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 7,140 ரூபாய். மொத்தம் கட்டுவது எட்டரை லட்சத்துக்கு மேல். பதினைந்து வருடம் என்றால் மாதத் தவணை 5,800 ஆகக் குறையும், மொத்தமோ பத்து லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டும்.

இப்போது வசதியுள்ள வீட்டைப் பாருங்கள். அவர்களும் அதே நாலு லட்சம் கடன் வாங்குகிறார்கள். ஆனால் படிக்கும்போதே வட்டியை அவ்வப்போது கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகளும் உண்டு. அந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமலே, அவர்களுக்குத் தவணை மாதம் சுமார் 5,290. பத்து வருடத்தில் கட்டுவது ஆறே கால் லட்சத்துக்குச் சற்று மேல். படிக்கும்போது கட்டிய வட்டியையும் சேர்த்தாலும் நம்மைவிடக் குறைவுதான்.

எனக்கு நடந்ததும் இதுதான். வருடத்துக்கு 45,000 வீதம் 1,80,000 வாங்கினேன். பதினொன்றரை சதவீத வட்டி. தவணை தொடங்கியபோது 2,52,000 நின்றது. மாதத் தவணை 3,500 ரூபாய். 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை என்று திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடியபோது தினக்கூலி 232 ரூபாய். என் ஒரு தவணை அம்மாவின் 15 நாள் கூலிக்குச் சமம். போராட்டத்துக்குப் பிறகு கூலி 301 ஆனது, தவணை 12 நாள் கூலியாகக் குறைந்தது. அந்தப் பெண்கள் என் கடனையும் சேர்த்துத்தான் குறைத்தார்கள் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த வட்டியை அரசு கட்டும் என்கிறார்களே?

கட்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு, படிக்கும் காலமும் அடுத்த ஒரு வருடமும் சேரும் வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும். 2009-10-லிருந்து இருக்கும் திட்டம். கல்லூரிக்கு அல்லது பாடப்பிரிவுக்கு நாக், என்.பி.ஏ. தர அங்கீகாரம் வேண்டும். நர்சிங் போன்றவற்றுக்கு அந்தந்தக் கவுன்சிலின் அங்கீகாரம். மேலே போட்ட கணக்கில் இந்த மானியம் கிடைத்தால் 1,40,000 ரூபாய் அப்படியே போய்விடும்.

நான் படித்த நாளில் திட்டம் வந்துவிட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கடன் வாங்கும் அன்றே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்தாயிற்றா என்று கேளுங்கள். வருடாவருடம் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் கிடையாது. உடல்நலக் காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பணமில்லாமல்தான் பிள்ளை படிப்பை நிறுத்துகிறது, நிறுத்தியதற்காக வட்டியும் தலையில் விழுகிறது. இந்த விதி எனக்குச் சரியாகப் படவில்லை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வித்யாலட்சுமி என்ற புதுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேசியத் தரவரிசை அடிப்படையில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அது. அடமானமும் ஜாமீனும் வேண்டாம். எட்டு லட்சத்துக்குள் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நாங்கள் கேரளமா, தமிழ்நாடா? எந்தச் சலுகை கிடைக்கும்?

இந்தக் கேள்விக்குத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி போகிறது.

முதலில் எஸ்.சி. சான்றிதழ். ஜனாதிபதியின் ஆணை வந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அதற்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்தது என்று காட்ட முடிந்தால் கேரள எஸ்.சி. சான்றிதழ் கிடைக்கும், ஈ-கிராண்ட்ஸ் என்ற கேரள அரசின் உதவித்தொகை இணையதளம் வழியாகக் கட்டணமும் உதவித்தொகையும் வரும். பிறகு வந்த குடும்பம் என்றால் பூர்வீக மாநிலத்தின் எஸ்.சி. என்றே கணக்கு. மத்திய அரசுச் சலுகைகளுக்கு அந்தச் சான்று உதவும். கேரளத்தின் இடஒதுக்கீட்டுக்கு உதவாது. இதனால் ஒரே லயத்தில், ஒரே சாதியில், சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு, அந்தப் பக்கம் உள்ள பிள்ளைக்கு இல்லை. தாத்தா எந்த வருடம் மலையேறினார் என்பதைப் பேரன் எப்படி நிரூபிப்பான்? பழைய செக்ரோல், பி.எஃப். பதிவு, தாத்தாவின் பள்ளிப் பதிவேடு, சர்ச் அல்லது கோயில் பதிவு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். எஸ்டேட் ஆபீஸில் பழைய லெட்ஜர்களைத் தூக்கிப் போடுவதற்குள் நகல் எடுங்கள். பீர்மேட்டில் 2000-க்குப் பிறகு மூடிக்கிடந்த எஸ்டேட்டுகளில் இப்படிப் போன காகிதங்கள் ஏராளம்.

அடுத்தது தமிழ்நாட்டுச் சலுகைகள். தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடும் கட்டண உதவியும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் அந்தப் பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கின்றன. வண்டிப்பெரியாறு அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நம் பிள்ளை அரசுப் பள்ளிதான், தமிழ் வழிதான், ஆனால் வேறு மாநிலம். தேனிப் பக்கத்துக் கூடலூரிலோ கம்பத்திலோ சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்யுங்கள். எட்டாவதில் மாற்றினால் பலன் போய்விடும். முதல் பட்டதாரிச் சலுகைக்குத் தமிழ்நாட்டுத் தாலுக்கா ஆபீஸ் தரும் சான்று வேண்டும்.

இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு மாநில எல்லை பார்க்காத உதவிகள் இருக்கின்றன. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தில் முன்னணியில் உள்ள 20 சதவீதத்தினருக்கு மத்திய அரசின் உதவித்தொகை, இளங்கலைக்கு வருடம் 12,000 ரூபாய். வருமான வரம்பு நாலரை லட்சம். எண்ணிக்கை அளவானது, ஆனால் விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு டீ போர்டு தரும் கல்வி உதவியையும் எஸ்டேட் ஆபீஸில் கேளுங்கள்.

பெங்களூரில் நர்சிங் சீட், லோனும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்று ஒருவர் லயத்துக்கே வந்தார். போகலாமா?

கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, கட்டணம் எழுத்தில் எவ்வளவு, கடன் எந்த வங்கியில், மானியத்துக்குத் தகுதி உண்டா. இந்த நாலையும் காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு, யூனிஃபார்ம், ஹாஸ்டல், கிளினிக்கல் கட்டணம் என்று பிறகு ஏற்றுவதுதான் வழக்கம். ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜெண்ட் கையில் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக்கூடாது. மூன்று வீட்டுப் பிள்ளைகள் அதனால் ஒரு வருடம் வீணாக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வங்கி இழுத்தடிக்கிறது, கட்டணத்துக்குக் கடைசித் தேதி வந்துவிட்டது. வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடலாமா?

மீட்டர் வட்டி வேண்டவே வேண்டாம். 2014-ல் கேரளப் போலீஸ் கந்துவட்டிக்காரர்கள்மேல் ஆபரேஷன் குபேரா என்று தனி நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு அது குடும்பங்களை அழித்திருக்கிறது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். வங்கியின் பத்து சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுகிற அப்பாக்கள் இதற்குப் பயப்படுவதில்லை, காரணம் இது ஒரே நாளில், ஒரு காகிதமும் கேட்காமல் கிடைக்கிறது.

குழுக் கடனும் அப்படித்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். வாரத் தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடும், படிப்புக்கோ நாலு வருடம் வரவு கிடையாது. குடும்பஸ்ரீ (கேரள அரசின் பெண்கள் சுயஉதவிக் குழு), கூட்டுறவு சொசைட்டி, நகை அடகு, இந்த வரிசையில் போங்கள். சிட்டி (சீட்டு) போட்டிருந்தால் பிளஸ் டூ முடியும் வருடம் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முதல்வரிடம் வங்கியின் கடிதத்தைக் காட்டி அவகாசம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பலர் கொடுக்கிறார்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

பிள்ளையின் மேற்படிப்புக்கு எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் முதல் வருடக் கட்டணத்துக்கே அதைத் தீர்த்துவிடாதீர்கள். கட்டணத்துக்கு வங்கிக் கடன் இருக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டாம் வருட அடிக்கு வங்கி தராது. அதற்காக அதை வையுங்கள். எங்கள் வீட்டில் அன்று ஒரு பன்னிரண்டாயிரம் ரூபாய் தனியாக இருந்திருந்தால் எனக்கு அரியர் விழுந்திருக்காது.

பொண்ணுக்குச் சேர்த்த நகை இருக்கிறது. படிப்புக்கு அடகு வைத்தால் கல்யாணத்துக்கு என்ன செய்வது?

இதைக் கேட்கும் அம்மாக்களின் பயம் எனக்குப் புரிகிறது. விற்க வேண்டாம். கட்டணத்தைக் கடனில் போடுங்கள், பெண் பிள்ளைகளுக்குப் பல வங்கிகள் அரை சதவீதம் வட்டி குறைக்கின்றன. நகை அவசரத்துக்கு மட்டும். ஆனால் மகனுக்கு என்றால் யோசிக்காமல் அடகு வைக்கிற கை, மகளுக்கு என்றால் தயங்குவதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அது வேண்டாம் அம்மா.

படித்துக்கொண்டே வேலைக்குப் போனால் கடன் குறையுமே?

சனி, ஞாயிறு மட்டும் என்றால் சரி. தினமும் ராத்திரி பதினொரு மணி வரை பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை காலை முதல் வகுப்புக்கு எழுந்திருக்காது. அரியர் விழுந்து ஒரு வருடம் தள்ளிப்போனால் இழப்பது ஒரு வருடச் சம்பளம். லீவில் ஊருக்கு வந்து ஏலக்காய் எடுக்கப் போகிற பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அது பரவாயில்லை, செமஸ்டர் கெடாது.

கட்டணப் பாக்கிக்காகக் கல்லூரி ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருக்கிறது. என்ன செய்வது?

பிடித்து வைக்கக்கூடாது. சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள், நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் மானியக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

வேலை கிடைக்கவில்லை, தவணை நின்றுவிட்டது. அம்மாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டை ஜப்தி செய்வார்களா?

லயம் கம்பெனி வீடு, அதை உங்கள் கடனுக்கு எடுக்க முடியாது. ஆனால் சேர்ந்து கையெழுத்துப் போட்டதால் அம்மாவும் கடனாளிதான். நோட்டீஸைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைக்காதீர்கள். அப்படி மூன்று நோட்டீஸ் சொருகிய வீட்டை எனக்குத் தெரியும்.

பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து வங்கிக்குப் போய், வேலை இல்லை என்பதை எழுதிக் கொடுத்து, தவணையை நீட்டித்து மாற்றி அமைக்கக் கேளுங்கள். முடிந்த ஆயிரமோ ஐநூறோ கட்டிக்கொண்டே இருங்கள், ரசீது வாங்குங்கள். மூன்று மாதம் ஒன்றும் கட்டாமல் விட்டால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், பிறகு தங்கச்சிக்குக் கடன் கேட்கும்போது அம்மாவின் கையெழுத்து செல்லாது. லோக் அதாலத்தில் வங்கிகள் வட்டியைக் குறைத்து முடிப்பதும் உண்டு. கேரள அரசு 2017-ல் கல்விக்கடன் அடைக்க உதவித் திட்டம் ஒன்று கொண்டு வந்தபோது, எங்கள் பக்கம் பலருக்குத் தேதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது அப்படி எது வந்தாலும் வாசகசாலைப் பலகையில் எழுதிப் போடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில் 1989 முதல் கல்லூரிக் கட்டணத்தை, சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் வரியோடு பிடிக்கிறார்கள். வேலை இல்லாதவரிடம் தவணை கேட்பதில்லை. இங்கேயும் அப்படி ஒரு முறை வர வேண்டும் என்று யூனியன் கூட்டங்களில் நாம் கேட்க வேண்டும். கூலி, போனஸ் பேசும் மேடையில் இதையும் பேசலாம்.

கடன் முழுக்க முடிந்துவிட்டது. வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

மூன்று வேலை இருக்கிறது. வங்கியிடம் நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். கணக்கு முடிந்ததாகக் காட்டும் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து சிபிலில் உங்கள் பெயரிலும், கையெழுத்துப் போட்ட அப்பா அல்லது அம்மா பெயரிலும் கடன் முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அம்மா பெயரில் ஏறாமல் கிடந்தது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்த பிறகுதான் மாறியது. காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க முடியாமல் போகும். ரப்பர் பேண்ட் போட்ட அந்தக் கவரில், சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.